வெறுங் கணக்கின்மேல் அபராதம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து, பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவற்றுள் எதுவும் இன்றியே இதனைச் செய்து முடித்ததாக அவன் வெட்டுவித்த வடமொழிச் சாஸனம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்நாளில் அது பெரிய அதிசயமாகவே இருந்திருக்கும். ஆனால் இல்லாமையைக் கொண்டே ஒன்றைக் கட்டி எழுப்பும் வித்தையில் நம் காலத்துப் பாங்கிக்காரர்கள் மகேந்திரனையும் விஞ்சிவிட்டார்கள். இருப்பு இல்லை என்பதையே குற்றமாக்கி, இருப்பு இல்லாதவனிடமிருந்தே அபராதம் வாங்கி, அதனைக் கோடி கோடியாகக் கணக்கில் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தவறினார்களென்று ஜனங்களிடம் பிடிக்கப்படும் அபராதத்தையே நாம் குறிப்பிடுகிறோம். 2024 ஜூலையில் லோகசபையில் நிதி இலாகாவின் சார்பாக அளிக்கப்பட்ட விடையின்படி, பொதுத்துறைப் பாங்கிகள் மாத்திரம் ஐந்து வருஷங்களில் ஏறக்குறைய ரூ. 8,500 கோடியை இவ்வகையில் வசூல் செய்திருக்கின்றன. அதற்கு முந்திய வருஷம் ராஜ்யசபையில் வெளியான தொகை இதனினும் பெரிது. பொதுத்துறைப் பாங்கிகளும் ஐந்து பெரிய தனியார் பாங்கிகளும் சேர்ந்து 2018 முதல் இத்தலைப்பின்கீழ் எடுத்துக்கொண்டது ரூ. 21,000 கோடிக்கு மேல். இந்தக் காரியத்தில் முன்னே நடந்து வழி காட்டியது ஸ்டேட் பாங்கி. நிறுத்தி வைத்திருந்த அபராதத்தை 2017 ஏப்ரலில் மீண்டும் புகுத்தி, அவ்வருஷம் நவம்பர் முடிய எட்டே மாதங்களில் ரூ. 1,771 கோடி சேர்த்தது. அதே வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் அப்பாங்கியின் நிகர லாபமே ரூ. 1,581 கோடிதான். ஏழைகளின் இல்லாமையில் கிடைத்த வரவு ஒரு காலாண்டின் வியாபார லாபத்தை மிஞ்சி நின்றது. நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகு 2018 ஏப்ரலில் அபராதத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் நீக்கினார்கள். இதனிடையே, 2017 ஏப்ரல் முதல் 2018 ஜனவரி வரை 41 லட்சத்துக்கு மேற்பட்ட சேமிப்புக் கணக்குகள் இருப்புக் குறைவைக் காரணமாகக் காட்டி மூடப்பட்டன.

குறைத்த பின்பும் அது எவ்வளவு நியாயமாயிருந்தது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 2018-இல் கிராமக் கிளைகளில் அபராதம் மாதம் ரூ. 10 அளவுக்கு இறங்கிற்று. அதன்மேல் வரி வேறு. அப்போது சேமிப்புக்கு அப்பாங்கி கொடுத்த வட்டி 3½ சதவீதம். கிராமத்தானிடம் கேட்கப்பட்ட ரூ. 1,000-ஐ வருஷம் முழுதும் தொடாமல் வைத்திருந்தால் அவனுக்குக் கிடைப்பது ரூ. 35. வைக்க முடியாமற் போனால் அவன் கொடுப்பது வருஷத்துக்கு ரூ. 120-ம் வரியும். இந்த வரி என்பது 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகவே பிரஜையின் வறுமையில் பாங்கி ஒரு பங்கும் சர்க்கார் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டார்கள் என்றால் அது மிகையன்று.

"வீட்டில் அடுப்புக்கு அருகே டப்பாவில் வைத்திருந்தால் இந்த நஷ்டம் இல்லையே, கிராமவாசிகள் ஏன் பாங்கிக்குப் போகவேண்டும்?" என்று நம் நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தாமாகப் போகவில்லை. சர்க்கார்தான் அழைத்துச் சென்றது. 2005-இல் விழுப்புரத்தை அடுத்த புதுச்சேரிப் பிரதேசத்தில், மங்கலம் என்னும் கிராமத்தில் வீடுதோறும் கணக்குத் திறந்து, இந்தியாவிலேயே எல்லாக் குடும்பங்களும் பாங்கிக் கணக்குப் பெற்ற முதற் கிராமம் என்ற பெயரை அதற்கு வாங்கிக் கொடுத்தது இந்தியன் பாங்கி. 1906 அக்டோபரில் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்து, எத்தனையோ குடும்பங்களின் வாழ்நாட் சேமிப்பை விழுங்கியபோது, இனி நம் பணத்தை நாமே காத்துக்கொள்வோம் என்று நம் தேசத்துப் பெரியோர் 1907-இல் தொடங்கிய சுதேசி பாங்கி அது. 2014 ஆகஸ்டு 28-இல் ஜன்தன் திட்டம் வந்தது. அதன்பின் கூலி, உதவித் தொகை, பயிர் நஷ்ட ஈடு, படிப்புச் சம்பளம் ஆகிய யாவும் கணக்கின் மூலமே வரும் என்றாயிற்று. இடைத்தரகர் ஒழிவார்கள் என்றார்கள். பெரும்பாலும் ஒழிந்ததும் உண்மைதான். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய தரகன் உட்கார்ந்த திண்ணையில் இப்போது கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது.

ஜன்தன் கணக்குக்கும், 2012 முதல் உள்ள அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கும் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை. இது விதி. அப்படியாயின் ஏழைகளுக்கு இந்தத் தொல்லை எங்ஙனம் வருகிறது? மகளிர் குழுக் கடனுக்காக ஒரு காலத்தில் திறந்தது, மகனுடைய உபகாரச் சம்பளத்துக்காகத் திறந்தது, நகை அடகு வைத்தபோது திறந்தது என்று குடும்பத்தில் சாதாரணச் சேமிப்புக் கணக்குகள் பல ஏற்பட்டுவிடுகின்றன. கணக்குத் திறக்கும்போது எந்த வகை வேண்டுமென்று கேட்கும் குமாஸ்தாவும் அபூர்வம்; கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர்களும் அபூர்வம். ஆதாருடன் இணைந்த கணக்கு எதுவோ அதில்தான் சர்க்கார் பணம் வந்து விழுகிறது. அது சாதாரணக் கணக்காயிருந்தால், ஆறு மாதமாகச் சேர்ந்து நிற்கும் அபராதம் அந்தப் பணத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இது வெறும் ஊகமன்று. 2023 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆரம்பமான வாரத்திலேயே, வந்த பணத்தைச் சில பாங்கிகள் பழைய அபராதத்துக்கென்று கழித்துக்கொண்டதாகப் பல இடங்களிலிருந்து முறையீடு வந்தது. அப்போது நிதி மந்திரியாயிருந்த தங்கம் தென்னரசு, இவ்வாறு கழிக்கலாகாதென்று பாங்கிகளுக்கு முன்னமே சொல்லியிருந்ததை எடுத்துக்காட்டி, கண்டித்து அறிக்கை வெளியிட்டார். கழிக்கப்பட்டவர்கள் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாமென்றும் அறிவித்தார். மந்திரி கண்டித்தது சரியே. ஆயினும் மந்திரி கண்டித்தால்தான் நிற்கும் ஒரு காரியம், மந்திரி பேசாத மாதங்களில் எப்படி நடந்திருக்குமென்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நிலைமையைப் பார்ப்போம். நெல்லும் கரும்பும் மணிலாக்கொட்டையும் நம்பி வாழும் சீமை இது. 2024 நவம்பர் முடிவில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது, டிசம்பர் 1-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் மட்டும் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வயலும் வீடும் தண்ணீரில் நின்றன. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரூ. 2,000 வீதம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதே சமயத்தில் நூறு நாள் வேலைக் கூலியும் நின்று போயிருந்தது. மத்திய சர்க்காரிடமிருந்து நவம்பர் கடைசி முதல் பணம் வரவில்லை, ரூ. 1,056 கோடி நிலுவை நிற்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதன்மந்திரி பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பயிர் போய், கூலியும் வராத அந்த மூன்று மாதங்களில் ஒரு கூலிக்காரியின் கணக்கில் ஆயிரமோ இரண்டாயிரமோ குறையாமல் நிற்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது எந்தத் தர்மம்? கூலி கொடுக்கவேண்டியவர் கொடுக்கத் தாமதித்தார். அத்தாமதத்துக்கு அபராதம் செலுத்துகிறவள் கூலி பெறவேண்டியவள்! கொடுக்காதவரைக் கேட்பாரில்லை.

பாங்கிக்காரர்கள் பக்கத்தில் சொல்லக்கூடியதையும் சொல்லிவிடுவது நியாயம். கணக்கு ஒன்றை நடத்தச் செலவாகிறது. கிளைக்கு வாடகை, சிப்பந்திகளுக்குச் சம்பளம், இயந்திரங்களுக்குப் பராமரிப்பு என்று பலவும் உண்டு. கோடிக்கணக்கான இலவசக் கணக்குகளின் பாரத்தையும் தாங்கவேண்டும் என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 2025-இல் கனரா பாங்கி ஜூன் முதலும், பரோடா பாங்கி, பஞ்சாப் நேஷனல் பாங்கி, இந்தியன் பாங்கி ஆகியவை ஜூலை முதலும், இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கி அக்டோபர் முதலும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. கைவிட்டதனால் அவற்றில் எதுவும் கதவடைத்துவிடவில்லை. ஆகவே அபராதம் இல்லாவிட்டால் பாங்கி நடவாது என்ற வாதத்துக்குப் பாங்கிகளே பதில் சொல்லிவிட்டன. தனியார் பாங்கிகள் பல இன்னும் விடவில்லை. அவற்றுள் பெரியதொன்றான ஐ.ஸி.ஐ.ஸி.ஐ. பாங்கி 2025 ஆகஸ்டில் பெருநகரங்களில் புதுக் கணக்குக்கு ரூ. 50,000 இருப்பு வேண்டுமென்று கூறி, ஜனங்கள் சீறவே சில நாட்களுக்குள் ரூ. 15,000-க்கு இறங்கி வந்தது. அச்சமயம் ரிஸர்வ் பாங்கி கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா, எவ்வளவு இருப்பு வேண்டுமென்பது அந்தந்தப் பாங்கியின் விருப்பம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

தொகை அவரவர் விருப்பமாயிருக்கலாம். அபராதம் பிடிக்கும் முறை அவரவர் விருப்பமன்று. இந்த வேற்றுமையை நம் தொண்டர்கள் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இவ்வியாஸத்தில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுவே. 2014 ஏப்ரலில் ரிஸர்வ் பாங்கி ஒரு நல்ல யோசனை வெளியிட்டது. இருப்புக் குறைந்தால் அபராதம் போடாமல், அந்தக் கணக்கின் வசதிகளை அடிப்படைக் கணக்கின் அளவுக்குக் குறைத்துவிட்டு, இருப்பு ஏறியதும் வசதிகளைத் திரும்பக் கொடுக்கலாமென்பது அது. மிகவும் நாகரிகமான வழி. ஆனால் நவம்பர் 20-ஆம் தேதி உத்தரவாக வெளிவந்தபோது அந்த யோசனை கரைந்து, அபராதம் நிலைத்துவிட்டது. நல்ல வேளையாக அதற்குச் சில வேலிகளை மட்டும் போட்டார்கள். அவை 2015 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன.

அவ்வேலிகள் யாவை? இருப்புக் குறைந்தால் கணக்குக்காரருக்குக் குறுஞ்செய்தியோ கடிதமோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். அறிவித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்ய அவகாசம் தரவேண்டும். அதன் பிறகே அபராதம். அந்த அபராதமும் குறைந்த தொகையின் அளவுக்கு ஏற்ப இருக்கவேண்டும். ஐம்பது ரூபாய் குறைந்தவனுக்கும் ஐயாயிரம் குறைந்தவனுக்கும் ஒரே தண்டனை கூடாது. சேவைக்கு ஆகும் சராசரிச் செலவுக்குப் பொருந்தாதபடி அது உயரவும் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசியாக உள்ளது: அபராதம் பிடித்த ஒரே காரணத்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே பற்றில் இறங்கலாகாது. அதாவது, கடன் கேட்காதவனை அபராதத்தின் மூலம் கடன்காரனாக்கும் ஓவர்டிராப்ட் நம் தேசத்து விதிப்படி செல்லாது. ஜன்தன் கணக்குக்காரருக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு ரூ. 10,000 வரை ஓவர்டிராப்ட் உண்டென்று 2018 முதல் விளம்பரம் செய்யப்பட்டிருக்கிறது. ஏழைக்குத் தேவையான அந்தப் பற்று எளிதில் கிடைப்பதில்லை. கேளாத பற்று மட்டும் வாசல் தேடி வருகிறது. இவையன்றி, நெடுநாள் நடவாமல் கிடக்கும் கணக்கில் இருப்புக் குறைவுக்கு அபராதமே கூடாதென்று 2014 மே மாதத்திலேயே தனி உத்தரவு உண்டு. வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய், ஊர்ப் பாங்கிக் கணக்கை மறந்துவிட்ட குடும்பங்களுக்கு இது பயன்படும்.

விதி இருந்தும் பணம் போகிறதே, போன பணம் திரும்புமா என்பதே அடுத்த கேள்வி. திரும்பியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது ஸ்டேட் பாங்கி அங்கே குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை நிறுத்தியதுடன், நிவாரணப் பணத்திலிருந்து ஏற்கெனவே பிடித்திருந்தால் அதனைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. 2024-இல் வயநாட்டு மலைச்சரிவில் உற்றாரையும் வீட்டையும் இழந்தவர்களுக்கு அந்த ராஜ்யத்துச் சர்க்கார் கொடுத்த ரூ. 10,000-லிருந்து கேரள கிராம பாங்கி கடன் தவணையைக் கழித்துக்கொண்டது. முதன்மந்திரி பினராயி விஜயன் பாங்கியாளர் கூட்டத்திலேயே அதனைக் கடுமையாகக் கண்டித்தார். ஜனங்கள் கிளைக்கு முன் திரண்டார்கள். பணம் கணக்குகளுக்குத் திரும்பி வந்தது.

மூன்றாவது உதாரணம் இன்னும் அறியத்தக்கது. ஏழைகளின் அடிப்படைக் கணக்குகளில் மாதம் நான்கு தடவைக்கு மேல் பணம் எடுத்தால், கைப்பேசியின் மூலம் செய்யும் சிறு பரிவர்த்தனையையும் அந்த எண்ணிக்கையிற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ரூ. 17.70 பிடித்துவந்தது ஸ்டேட் பாங்கி. மளிகைக் கடையில் இருபது ரூபாய்க்குச் சாமான் வாங்கினாலும் அதுதான் கட்டணம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதனைக் கணக்கெடுத்து வெளியிட்டார். 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை இவ்வாறு சேர்ந்தது ரூ. 254 கோடிக்கு மேல். 2020 ஆகஸ்டில் நேர்முக வரி வாரியம் தலையிட்டு, அவ்வருஷம் ஜனவரி முதல் மின்னணுப் பரிவர்த்தனைகளில் பிடித்ததைத் திருப்பச் சொன்ன பின் ரூ. 90 கோடி திரும்பிற்று, ரூ. 164 கோடி திரும்பவில்லை என்று 2021 நவம்பரில் அவருடைய அறிக்கை கூறியது. சர்க்கார் வாரியம் ஒன்று கட்டளையிட்ட காலத்துக்குரியது மட்டும் வந்தது. அதற்கு முந்தியதைக் கேட்க ஆளில்லை, வரவில்லை. பின்பு 2025 டிசம்பரில்தான் மின்னணுப் பரிவர்த்தனைகளை அந்த நான்கில் எண்ணக் கூடாதென்று ரிஸர்வ் பாங்கி தெளிவாக விதித்தது. 2020-லும் 2025-லும் பாங்கிகள் அபராதத்தை நீக்கியதும் வருங்காலத்துக்கே உதவியது. முன்னே எடுத்ததைத் திருப்பும் ஏற்பாடாக அது அமையவில்லை.

இவ்விடத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கையும் சொல்லவேண்டும், ஏனெனில் நம்மவர்கள் அதே குழியில் விழக்கூடும். அனுமதியின்றிக் கணக்கு பற்றில் இறங்கினால் ஒவ்வொரு தடவைக்கும் 30 பவுன் அளவுக்குக்கூட அந்நாட்டுப் பாங்கிகள் கட்டணம் பிடித்துவந்தன. லட்சக்கணக்கான ஜனங்கள் மனுப் போட்டுத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். 2007-இல் அந்நாட்டு நியாய வியாபார இலாகா வழக்குத் தொடர்ந்து, கீழ்க் கோர்ட்டுகள் இரண்டிலும் வென்றது. ஆனால் 2009 நவம்பர் 25-இல் சுப்ரீம் கோர்ட்டு பாங்கிகளின் பக்கம் தீர்ப்புச் செய்தது. அக்கட்டணங்கள் பாங்கி தன் சேவைக்கு வாங்கும் விலையின் ஒரு பகுதி. விலை அதிகமென்ற காரணத்தைக் கொண்டு அதன் நியாயத்தை அந்த இலாகா விசாரிக்க இயலாது என்பதே சாரம். பொதுவழி அடைபட்டது. அடைபடாமல் நின்ற வழி ஒன்றுண்டு. வழக்கு முடியும்வரை மனுக்களை நிறுத்திவைக்கப் பாங்கிகளுக்கு அனுமதி கொடுத்தபோதே, பணக் கஷ்டத்தில் இருப்போரின் மனுக்களுக்கு மட்டும் விலக்கு வைத்திருந்தார்கள். தீர்ப்புக்குப் பின்னும் கஷ்டத்தை நிரூபித்தவர்கள் அந்த வழியிலேயே போய் ஓரளவு பரிகாரம் பெற்றார்கள். 2020 ஏப்ரலில் அந்நாடு இத்தகைய நிலைக் கட்டணங்களையே ஒழித்து, பற்றுக்கு வட்டி மாத்திரம் என்று விதி செய்தது.

நம் நாட்டிலும் அதே சங்கடம் இருக்கிறது. பாங்கிகளைப் பற்றிய புகார்களை இலவசமாக விசாரிக்க ரிஸர்வ் பாங்கி 2021 நவம்பர் 12-இல் ஒருங்கிணைந்த குறைதீர் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆனால் பாங்கியின் வியாபாரத் தீர்மானத்தைப் பற்றிய புகார் அங்கே எடுபடாது. "ஐயா, ஆயிரம் ரூபாய் இருப்புக் கேட்பது அநியாயம், அபராதம் அதிகம்" என்று மனு எழுதினால், அது பாங்கியின் வியாபாரத் தீர்மானம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். நம் தொண்டர்களில் உணர்ச்சி மிக்கவர்கள் இத்தகைய மனுவையே எழுதுவார்கள் என்று நாம் அஞ்சுகிறோம். மனுவில் சீற்றம் வேண்டாம், கேள்வி வேண்டும். எந்தத் தேதியில் எந்த வழியாக எனக்கு அறிவித்தீர்கள்? ஒரு மாத அவகாசம் கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன? எவ்வளவு குறைந்தது, அதற்கு எந்த விகிதத்தில் பிடித்தீர்கள்? என் கணக்கு எந்தெந்த நாளில் அபராதத்தால் பற்றில் இறங்கிற்று? இவை வியாபாரத் தீர்மானமல்ல. விதி நிறைவேறியதா இல்லையா என்பதே. பாங்கி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பழைய கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியையும், படிக்கத் தெரியாதவளுக்கு இங்கிலீஷில் அனுப்பிய அறிவிப்பையும் அறிவிப்பென்று கொள்வதா என்ற கேள்வியும் அப்போதுதான் எழும். கஷ்டத்தைச் சொல்லவேண்டாமென்பதில்லை, புயல் நஷ்டம், கூலி நிலுவை ஆகியவற்றைத் தேதியோடு கடைசிப் பாராவில் சொல்லலாம்.

இந்த வேலை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யக் கூடியதன்று என்பதை நாம் அறிவோம். ரூ. 118-ஐத் திரும்பக் கேட்க ஒருத்தி பஸ் ஏறிக் கிளைக்குப் போனால் அன்றையக் கூலி போயிற்று. 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி ரூ. 336. மூன்று நாள் நடையாய் நடந்தால் ஆயிரம் ரூபாயை இழந்து நூறு ரூபாயை மீட்டவள் ஆவாள். பாங்கிகளின் இந்த வருமானம் முழுதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. கேட்கும் செலவு, கேட்கும் தொகையைவிடப் பெரிதாயிருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே ஊர் சேர்ந்து கேட்கவேண்டும். தேசத் தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்கள் மண்டகப்பட்டு போன்ற ஒரு கிராமத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து, கணக்குப் புத்தகங்களை வாங்கி, அபராத வரிகளைத் தேதிவாரியாகக் குறித்தால், ஐம்பது மனுக்களை ஒருவரே கொண்டுபோய்க் கொடுக்கலாம். குறைதீர் அதிகாரியிடம் புகார்க்காரருக்குப் பதிலாக எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற பிரதிநிதி வரலாம். வக்கீல் மாத்திரம் அந்த வேஷத்தில் வரக்கூடாது. வக்கீல் நண்பர்கள் மன்னிக்க.

கிராம சபை என்று ஒன்று இருக்கிறதே, அதனையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் சபையில், தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தீர்மானம் செய்வதோடு, இந்த ஊர்க் கணக்குகளில் கடந்த மூன்று வருஷங்களில் பிடித்த அபராதம் எவ்வளவு என்று கிளையைக் கேட்கும் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்றட்டும். அதனைக் கலெக்டர் தலைமையில் கூடும் ஜில்லா பாங்கியாளர் கூட்டத்துக்கு அனுப்பட்டும். சென்னைச் சர்க்கார் செய்யவேண்டியது வேறு. உதவித் தொகை, கூலி, நிவாரணம் ஆகியவை சேரும் எந்தக் கணக்கையும், கணக்குக்காரர் கேளாமலே அடிப்படைக் கணக்காக மாற்றிவிட வேண்டுமென்றும், புயலும் வெள்ளமும் வந்ததாகச் சர்க்கார் அறிவித்த ஜில்லாக்களில் அந்த மாதங்களில் பிடித்த அபராதத்தைப் பாங்கிகள் தாமாகவே திருப்ப வேண்டுமென்றும் ராஜ்ய பாங்கியாளர் குழுவில் வற்புறுத்த வேண்டும். கேரளத்தில் முடிந்தது விழுப்புரத்தில் முடியாதென்பதற்கு நாம் ஒரு காரணமும் காணோம்.

அதுவரையில் மனு எழுதப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் மனு கிளை மானேஜருக்கே போகவேண்டும். நேரே குறைதீர் அதிகாரிக்கு எழுதினால் தள்ளுபடியாகும். முப்பது நாள் சென்றும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், அவருக்கு எழுதலாம்; கட்டணம் இல்லை; விவரம் வேண்டுவோர் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். அதே மனுவில், இக்கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருக என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நலம். அந்தப் பாங்கியிலேயே வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதனை மூடவேண்டியிருக்கும். மனுவின் நகலில் பாங்கியின் முத்திரையையும் தேதியையும் வாங்காமல் கிளையை விட்டு வெளியே வரலாகாது. முப்பது நாள் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும்.